அந்தக் கோணல் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றும் அந்த ஆண்டு 1 (முதல் வகுப்பு) தமிழ்ப்பள்ளிப் பிள்ளையின் புத்தகப் படத்தை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கோணலாக வெட்டிய தாள், ஓரத்தில் வழிந்த பசை, மடிப்புக்குள்ளே பெரிய எழுத்தில் 'தொசை'. கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "இது தமிழ்ப் பாடமா, கைவேலைப் பாடமா?" அதற்கு வரிசையாகச் சிரிப்பு முகங்கள். சிரித்தவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அது என் வகுப்புப் பிள்ளையின் புத்தகம் இல்லை. அந்த டீச்சரையும் எனக்குத் தெரியாது. ஆனால் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த் பக்கம், படிநிலை 1 (ஆண்டு 1 முதல் 3 வரை) பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் நான். என் வகுப்பிலும் இதே வெட்டி ஒட்டும் புத்தகம்தான். அதனால் சொல்கிறேன், அந்தப் பக்கத்தில் ஒரு குழந்தை எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறது. நீங்கள் சிரித்தது அதைப் பார்த்துத்தான்.

இந்த வெட்டி ஒட்டும் புத்தகத்துக்கு 'இன்டராக்டிவ் நோட்புக்' என்று பெயர். இது யாரோ பொழுதுபோகாமல் கண்டுபிடித்த விளையாட்டு இல்லை. அமெரிக்காவில் வரலாறு, சமூகக் கல்வி வகுப்புகள் வழியாகப் பரவிய முறை. வலப்பக்கம் ஆசிரியர் கொடுத்த பாடம். இடப்பக்கம், அந்தப் பாடத்தை வைத்துப் பிள்ளை தானாகச் செய்தது. படம், மடிப்பு, சொந்த வாக்கியம், எதுவாகவும் இருக்கலாம். இடப்பக்கம் பிள்ளையுடையது என்பதுதான் இதன் உயிர்.

தமிழுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்று வகுப்பில் வந்து பார்த்தால்தான் தெரியும். 'கொ' என்று சொன்னால் பிள்ளையின் காதில் முதலில் விழுவது 'க்'. ஆனால் கை முதலில் எழுத வேண்டியது ஒற்றைக்கொம்பு. பிறகு 'க', அதன் பிறகு துணைக்கால். ஒரே ஒலிக்கு மூன்று துண்டு, அதுவும் கேட்கிற வரிசையில் இல்லை. ஏழு வயதுப் பிள்ளை இதில் தடுமாறாமல் வேறு எதில் தடுமாறும்? கரும்பலகையில் எத்தனை முறை எழுதிக் காட்டினாலும் சில பிள்ளைகளுக்கு அது ஒரு படமாகத்தான் தெரிகிறது.

அதே பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுங்கள். நடுவில் 'க'. இடது மடிப்பில் ஒற்றைக்கொம்பு, வலது மடிப்பில் துணைக்கால். வலதை மட்டும் திறந்தால் 'கா'. இடதை மட்டும் திறந்தால் 'கெ'. இரண்டையும் திறந்தால் 'கொ'. இடது மடிப்பின் மேல் இரட்டைக்கொம்பை ஒட்டினால் 'கோ'. பிள்ளை தானே திறந்து, மூடி, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறது. நடுவில் 'த' வைத்தாலும் 'ம' வைத்தாலும் அதேபோல் நடக்கிறது என்று கண்டுபிடிக்கிற நிமிடம் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

இப்போது அந்தத் 'தொசை'யைத் திரும்பப் பாருங்கள். கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம், 'சை' சரி. பாக்கி இருப்பது கொம்பை மாற்றுவது மட்டும். அடுத்த பாடம் குறில் நெடில் என்றால் அன்றைக்கே சரியாகிவிடும். ஒரு டீச்சர் அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும்.

மடிப்பால் எல்லாம் நடக்காது, தெரியும். கு, சு, டு, நு, பு என்று உகரம் எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும். அதை மடித்துக் காட்ட முடியாது, எழுதி எழுதித்தான் கை பழக வேண்டும். எழுதவும் வைக்கிறோம். வெட்டி ஒட்டும் வகுப்பில் எழுத்துப் பயிற்சியே இல்லை என்று யார் சொன்னது?

"எங்கள் காலத்தில் கத்தரிக்கோலா இருந்தது, நாங்கள் படிக்கவில்லையா?" என்று ஒரு ஐயா கேட்டிருக்கிறார். நானும் அந்தக் காலம்தான், ஐயா. கெடா மாநிலத்தில் தோட்டப் பள்ளியில் படித்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையில் உள்ளதை அப்படியே இறக்கிவிடுவாள். ஆசிரியர் அவள் புத்தகத்தைத்தான் வகுப்புக்கே தூக்கிக் காட்டுவார். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கச் சொன்னால் என் தொடையைக் கிள்ளுவாள், நான் மெதுவாகச் சொல்லிக்கொடுப்பேன். ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப் பள்ளியில் முதலில் படிக்கிற புகுமுக வகுப்போடு நின்றுவிட்டாள். பல வருஷம் கழித்து என் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "நீயே படிச்சுச் சொல்லு" என்றாள். அழகான புத்தகத்தைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பயம்தான் வருகிறது.

நேரம் வீணாகிறது என்கிறீர்கள். ஒரு பாடவேளை 30 நிமிடம், அதில் வெட்டவே பாதி போகிறது என்கிறீர்கள். முதல் சில வாரம் அப்படித்தான் போகும், அப்புறம் கை பழகிவிடும். பசைக்கும் தாளுக்கும் செலவு என்கிறீர்கள். என் வகுப்பில் பாதி என் பணம், அதைப் பற்றி யாரிடமும் நான் பேசியதில்லை. தேர்வுக்கு உதவாது என்கிறீர்கள். படிநிலை 1-க்குத் தேர்வை எடுத்தது 2019-இல். ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யுபிஎஸ்ஆர் போனது 2021-இல். வகுப்பறை மதிப்பீட்டில் பிள்ளை என்ன செய்கிறது என்றுதான் பார்க்கிறோம். அதைக் காட்ட இதைவிட நல்ல புத்தகம் எது?

தயவுசெய்து ஒன்று மட்டும் செய்யாதீர்கள், அம்மாமார்களே. இரவு உட்கார்ந்து நீங்களே வெட்டி, நீங்களே வண்ணம் தீட்டி அனுப்பாதீர்கள். உங்கள் கோடு எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியது பிள்ளையின் கோடு.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. இதே மடிப்புத் தாள் ஆங்கிலப் பாலர் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்தால் படம் எடுத்துப் பெருமையோடு போடுகிறீர்கள். 'கிரியேட்டிவ்' என்கிறீர்கள். அங்கேயும் தாள் கோணல்தான், பசை வழிகிறதுதான். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை செய்தால் மட்டும் ஏன் கேலி? இந்தப் பினாங்கில்தான் 1816-இல் 'பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்' (Penang Free School) என்ற பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியது. 200 ஆண்டு ஆனதை 2016-இல் நாடு முழுக்கக் கொண்டாடினோம். நம் பள்ளிகளில் பலவற்றில் இன்று 150 பிள்ளைகள்கூட இல்லை.

அந்தப் படத்தில் புத்தக அட்டையும் தெரிகிறது, பிள்ளையின் பெயரும் தெரிகிறது. குழு நடத்துகிறவர்கள் முதலில் அதை நீக்குங்கள். பெயரைப் பார்த்தும் மற்ற குழுக்களுக்குத் தள்ளிவிட்டிருக்கிறீர்களே, உங்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இல்லையா? அடுத்த வருஷம் ஆண்டு 1-க்குப் பெயர் பதிய வேண்டிய ஒரு தாய் அந்தச் சிரிப்புகளைப் பார்த்திருந்தால், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பாள்? ஆசிரியராக இருந்துகொண்டு சிரித்தவர்கள் எனக்குப் பதில் சொல்லுங்கள்.