புனைந்த தொன்மொழிக்கும் ஒலிவிதி வேண்டும்

தொல்பழங்காலக் கொங்கு நாட்டைக் களமாகக் கொண்டு புதினம் எழுத முனையும் இளம் நண்பர்கள் சிலர், தம் மாந்தர்கள் பேசுவதற்கென்று ஒரு மூதாதை மொழியையும் புனைந்து என்னிடம் காட்டுகிறார்கள். அந்த உழைப்பைப் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் காட்டுவது பெரும்பாலும் கிரந்த எழுத்துகளை நீக்கிச் சங்கச் சொற்களைத் தூவிய தமிழாகவே இருக்கிறது. தமிழுக்கு மூத்த மொழி என்று ஒன்றைப் படைத்தால், அதிலிருந்து தமிழோடு கன்னடமும், நீலகிரியில் வழங்கும் தோடர், கோத்தர் மொழிகளும் கிளைத்திருக்க முடியும் என்று வாசகர் நம்ப வேண்டும்.

நாம் 'செவி' என்பதைத் தாளவாடிப் பக்கம் கன்னடம் பேசுவோர் 'கிவி' என்கிறார்கள். கோத்தர் மொழியில் அது 'கெவ்'. மூத்த ஒலி ககரம்தான். இகர, எகரங்களுக்கு முன் நின்ற ககரம் தமிழில் சகரமாயிற்று. அப்படியானால் 'கிளி', 'கேள்', 'கெடு', 'கிழங்கு' ஆகியவை ஏன் மாறவில்லை? அடுத்து வரும் மெய் ட, ண, ள, ழ போல நாவை வளைத்து ஒலிப்பதாக இருந்தால் ககரம் தப்பித்துக்கொண்டது. 'கீரை' போன்ற விலகல்கள் உண்டெனினும், எழுதப்படாத காலத்து வாய்மொழியில் இத்தனை ஒழுங்கு இருந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஆகவே உங்கள் மூதாதை தன் காதைத் தொட்டு 'செவி' என்று சொல்லக் கூடாது. 'கெவி' என்றே சொல்ல வேண்டும்.

றகரமும் அத்தகையதே. 'காற்று' நம் பேச்சில் 'காத்து' ஆகிவிட்டது. தோடர், கோத்தர் மொழிகளோ 'ற்ற' என்பதில் உள்ள அந்தப் பழைய வல்லொலியைத் தகரத்தோடும் டகரத்தோடும் கலக்காமல் இன்றும் தனியே ஒலிக்கின்றன. 1930களில் மொழியியல் அறிஞர் முர்ரே எமனோ நீலகிரியில் தங்கி இம்மொழிகளைப் பதிவு செய்திராவிட்டால், திராவிட மொழிகளுக்கெல்லாம் தாயான மூல திராவிடத்தைப் பற்றிய நம் அறிவு எவ்வளவோ குறைந்திருக்கும்.

இலக்கணத்திலும் தமிழை அப்படியே பின்னோக்கித் தள்ளிவிட முடியாது. 'கிறு', 'கின்று' என்னும் நிகழ்கால இடைநிலைகள் பின்னாளில் வளர்ந்தவை. மூல மொழிக்கு இறந்த காலம், இறவாக் காலம் (நிகழ்வும் எதிர்வும் சேர்ந்தது) என்ற இரண்டையே அறிஞர்கள் மீட்டுருவாக்குகிறார்கள். பால் பகுப்பில் கருத்து வேற்றுமை உண்டு. ஒருமையில் ஆண்பால் ஒருபுறமும், பெண்ணும் அஃறிணையும் மறுபுறமுமாக நின்றன என்பது திராவிட மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் முடிபு. தெலுங்கில் பெண்ணையும் பொருளையும் 'அதி' என்று சுட்டுவது இதற்கு இசைகிறது. நம் ஊரில் 'அக்கா வந்துச்சு', 'அந்தப் புள்ள போயிருச்சு' என்று வாஞ்சையோடு சொல்வதை இதற்குச் சான்றாக நான் காட்டவில்லை, அது பின்னாளில் தோன்றிய வழக்காகவும் இருக்கலாம். ஆனாலும் மொழி புனைகிறவர் இத்தகைய பேச்சுக்குக் காது கொடுத்துப் பழக வேண்டும்.

காலத்தையும் சரியாக வையுங்கள். நொய்யல் ஆற்றங்கரையில் அகழ்ந்த கொடுமணல் என்னும் பழைய ஊரின் பானை ஓடுகளில் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்தில் தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன; அதாவது, அங்கே மணி கோத்த அந்தக் காலத்துக்குள் தமிழ் தனிமொழியாகிவிட்டது. உங்கள் கதை அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக முன்னே செல்ல வேண்டும்.

இனி என்னிடம் சொற்பட்டியலை அனுப்புவதற்கு முன்பு, ஒலி மாற்ற விதிகளை வரிசையாக எழுதி, பத்து வேர்ச்சொற்களை அவ்விதிகளின்படி தமிழுக்கும் கன்னடத்துக்கும் கோத்தர் மொழிக்கும் இறக்கிக் காட்டுங்கள். அவை உண்மையில் வழங்கும் வடிவங்களோடு பொருந்தினால், புனைவை நானே மகிழ்ச்சியோடு படித்துத் திருத்தித் தருகிறேன்.