அந்தக் கையை எப்போதுதான் வரைந்து காட்டுவீர்கள்?

ஃபேன்டஸி ஓவியம் கற்றுத்தரும் வீடியோக்களைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. தலைப்பில் "புதிதாக வரைபவர்களுக்கு" என்று இருக்கும். முதலில் ஒரு முட்டை வடிவம், நடுவே ஒரு கோடு. அப்புறம் வீடியோவை விறுவிறுவென்று ஓட்டிவிடுவார்கள். வேகம் குறையும்போது கவசம் மின்னுகிறது, மேலங்கி காற்றில் பறக்கிறது. நடுவில் நடந்ததைக் கற்கத்தானே வந்தோம்? அதை ஏன் ஓட்டுகிறீர்கள்?

டேபிள்டாப் ரோல்பிளே, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை நடத்திப்போகும் ஆட்டம், ஆடுகிற எங்களுக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. மாதக்கணக்காகப் பகடை உருட்டி உயிரோடு காப்பாற்றிவந்த என் ட்வார்ஃப் (ஃபேன்டஸி கதைகளில் வரும் குள்ள இனம்) வீரனை, கூட ஆடுபவர்கள் "ஆமா, இவன்தான்" என்று சொல்லும்படி வரைய வேண்டும். அவன் கோடரியைப் பிடித்திருக்க வேண்டும். பிடிப்பதுதான் சிக்கல், அங்கேதான் எல்லோரும் நழுவுகிறார்கள்! கை மேலங்கிக்குள் போய்விடும், இல்லையென்றால் கேடயத்துக்குப் பின்னால். முதலில் கைப்பிடியை உருளையாகப் போடு, விரல்களைக் கணுக்கணுவாக அதைச் சுற்றி மடக்கு, கட்டைவிரல் எதிர்ப்பக்கமிருந்து வரும். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

தலையின் உயரத்தை அளவுகோலாக வைத்தால் சராசரி மனிதர் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம், வீரர்களை எட்டு, எட்டரை என்று நீட்டுவது வழக்கம் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். ட்வார்ஃபுக்கு? மனிதனை அப்படியே சுருக்கினால் தூரத்தில் நிற்கும் மனிதன்தான் கிடைப்பான். தலை பெரிதாகவே இருக்க வேண்டும், கால்கள் குறுக வேண்டும், மொத்த உயரம் நாலைந்து தலைக்குள் அடங்க வேண்டும்.

டிராகன் கதை இன்னும் மோசம். நாலு கால், இரண்டு சிறகு. சிறகு எங்கிருந்து முளைக்கிறது? வௌவாலின் சிறகு என்பது நீண்ட விரல்களுக்கு நடுவே விரிந்த தோல், அதாவது அது ஒரு கை. கை என்றால் தோள் வேண்டும், அசைக்கத் தசை வேண்டும். ஆகவே முன்னங்காலின் தோளுக்குப் பின்னால் இன்னொரு தோளுக்கு இடம் விட வேண்டும். வௌவால் எலும்புக்கூட்டுப் படங்களைத் தேடிப் பார்த்துத்தான் எனக்கு இது விளங்கியது. வீடியோக்காரர்கள் சிறகை முதுகில் ஒட்டிவிட்டு நேராகச் செதில் போடப் போய்விடுகிறார்கள். செதில் கடைசி வேலை ஐயா!

கேட்டால், "தினமும் வரைந்து பழகுங்கள்" என்கிறார்கள். எதை? தப்பான கையையே தினமும் வரைந்தால் தப்புதான் பழகும். இல்லாவிட்டால் புது பிரஷ் தொகுப்பு வாங்கச் சொல்கிறார்கள். 1974-இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே ஆட்டம் முதன்முதலாக வந்தபோது, அந்தச் சின்னப் புத்தகங்களில் இருந்தவை எளிய கறுப்புக் கோட்டுப் படங்கள்தான். பல, பழகாத கை போட்டவை என்று பார்த்தாலே தெரியும். அதை வைத்து ஆடியவர்கள் யாரும் கற்பனைக்குப் பஞ்சப்படவில்லை.

"எதுக்கு இவ்வளவு கஷ்டம், ஏஐகிட்ட கேட்டா வரைஞ்சு கொடுக்குமே" என்பவர்கள்தான் என்னை உச்சத்துக்கு ஏற்றுகிறார்கள். என் வீரனின் கோடரிப்பிடியில் சுற்றியிருப்பது செத்துப்போன தோழனின் தோல்வார். ஆட்டத்தில் அந்தச் சாவு நடந்தபோது நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அந்த முடிச்சை நான்தான் போடுவேன்.