சின்னத் தாத்தாவின் பங்கு

(திண்ணை. பேத்தி மடியில் லேப்டாப். அரிசி ஆலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற தாத்தா கையில் குடும்பப் பங்குச் சீட்டு.)

தாத்தா: போட்டுக்கோம்மா. தோப்பு வருமானத்தில் என் தம்பிக்கு 0.1.

பேத்தி: பைத்தான் கணினி மொழியில் பிராக்‌ஷன் என்று போட்டு அடைப்புக்குறிக்குள் 0.1 கொடுத்தால் பின்னமாகவே வந்துவிடும் தாத்தா. இதோ, மேலே 3602879701896397, கீழே 36028797018963968.

தாத்தா: பங்கு கேட்டால் லாட்டரி நம்பர் சொல்கிறாயே! இரு, கீழே கடைசி இலக்கம் என்ன?

பேத்தி: எட்டு.

தாத்தா: எட்டில் முடிகிற எண் பத்தால் மீதியில்லாமல் வகுபடாதே. அப்புறம் இது எப்படிப் பத்தில் ஒன்று?

பேத்தி: மேலே கடைசியில் 396.8 வந்திருக்க வேண்டும். முழு எண்ணாக்க 397 என்று ஏற்றிவிட்டது.

தாத்தா: ஆக, அவனுக்குக் கூடப் போகிறது! இந்த வீட்டில் யார் கணக்குப் போட்டாலும் அவன் பக்கம்தான் சாயும்.

பேத்தி: கம்ப்யூட்டர் 0.1-ஐப் பாதி பாதியாக வெட்டித்தான் வைத்துக்கொள்ளும் தாத்தா. கீழே இருப்பது 2-ஐ 55 தடவை பெருக்கினால் வருவது. அதனால் அரை, கால், அரைக்கால், பதினாறில் ஒன்றான மாகாணி எல்லாம் அச்சாக நிற்கும்.

தாத்தா: அதுக்கு மாகாணி தெரியுமா? பரவாயில்லையே. மா?

பேத்தி: இருபதில் ஒன்றுதானே? நிற்காது. 320-இல் ஒன்றான முந்திரியும் நிற்காது, இருபதுக்குள்ளும் 320-க்குள்ளும் 5 ஒளிந்திருக்கிறது.

தாத்தா: பாதி வாய்ப்பாட்டோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்தது போல.

பேத்தி: இப்போது அதே 0.1-ஐ மேற்கோள்குறிக்குள் எழுத்தாகக் கொடுக்கிறேன். பாருங்கள், 1/10.

தாத்தா: ரெண்டு கொக்கி போட்டதும் ஒழுங்காகிவிட்டதா! சரி, அடுத்தது கிணறு. அவன் பங்கு 0.333. அவனே கைப்பட எழுதியது.

பேத்தி: மேற்கோளோடு போட்டால் 333/1000. ஆனால் சின்னத் தாத்தா மூன்றில் ஒன்று என்றுதான் நினைத்திருப்பார். லிமிட் டினாமினேட்டர் போட்டு, கீழ் எண் 10-ஐத் தாண்டக் கூடாது என்றால் பக்கத்திலிருக்கும் 1/3-ஐக் கொடுத்துவிடும்.

தாத்தா: ரெண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு?

பேத்தி: 3000-இல் ஒரு பங்கு.

தாத்தா: (கண்ணாடியை ஏற்றிவிட்டபடி) நினைத்ததற்கெல்லாம் கணக்கு எழுத முடியுமா? அவன் கையெழுத்து இருப்பது 0.333-க்குக் கீழேதான். கொக்கியைப் போடு.