கருணை மனு என்கிற பேரே தப்பு

நேற்று மத்தியானம் கடைக்கு ஒரு தம்பி வந்தார். சட்டக் கல்லூரியில் படிக்கிறவர். சிங்கப்பூரில் தூக்குக்குக் காத்திருப்பவர்களுக்காக ஒரு கருணை மனு, ஐம்பது நகல் வேண்டும் என்றார். பக்கத்தில் நின்ற குமாஸ்தா அண்ணன் மனுவை எட்டிப் பார்த்துவிட்டு, "கோர்ட்டே குற்றவாளின்னு சொல்லிருச்சு, அப்புறம் என்ன தம்பி கருணை? கஞ்சா வித்தவன்தானே?" என்றார்.

தம்பிக்குப் பதில் வரவில்லை. எனக்கும் வரவில்லை, மெஷினில் பேப்பர் வேறு சிக்கிக்கொண்டது. ராத்திரி பழங்காநத்தத்தில் மொட்டை மாடியில் படுத்திருந்தபோதுதான் வந்தது. (கோவலன் பொட்டல் எங்களுக்குப் பக்கம்தான். மதுரைக்காரன் மரண தண்டனை பற்றி எழுதினால் சிலம்பு வந்தாக வேண்டும் என்று தெரியும். ஆளை விடுங்கள், இது அந்தப் பதிவு இல்லை.)

எனக்கு டைப் அடிக்கிற தொழில். கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக அஃபிடவிட், வக்கீல் நோட்டீஸ், வாடகை ஒப்பந்தம் எல்லாம் அடிக்கிறேன். சட்டம் படித்ததில்லை. ஆனால் வாயில் வருகிற பேச்சு காகிதத்துக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதைத் தினமும் பார்க்கிறவன்.

சில வருஷங்களுக்கு முன்னால் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். ஏதோ அடிதடி வழக்கு, அவர் சாட்சி. ஸ்டேஷனில் எழுதிய அவருடைய வாக்குமூலத்தின் நகலை நீட்டி, "என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் வாசிய்யா" என்றார். வாசித்தேன். "சத்தம் கேட்டு வெளியே வந்து எதிரியைப் பார்த்தேன்" என்று இருந்தது. (எதிரி என்றால் ஸ்டேஷன் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர்.) பாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாக்கலைன்னுதானய்யா சொன்னேன். இருட்டு. கண்ணுல புரை வேற" என்றார். கீழே வழக்கமான வரியும் இருந்தது: படித்துக் காட்டப்பட்டது, சரி. பாட்டிக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. முதலில் படித்துக் காட்டியது நான்தான்.

சரி, அது சின்ன வழக்கு. குறுக்கு விசாரணையில் வக்கீல் அதை உடைத்துவிட்டார், அந்தப் பையன் வெளியே வந்துவிட்டான். கயிறு தொங்குகிற வழக்கில் இதே மாதிரி ஒரு வரி பிசகினால்?

பிசகியிருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் 1991 ஜூன் 11 அன்று கைதானபோது வயது 19. வெடிகுண்டுக்கு 9 வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதிருந்த முக்கியமான குற்றச்சாட்டு. சாதாரண வழக்கில் போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கிற ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. தடா என்கிற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் செல்லும். 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம், இது தடாவின் கீழ் வருகிற குற்றமே இல்லை என்று சொல்லிவிட்டு, தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலத்தை மட்டும் வைத்துக்கொண்டது. பானையை உடைத்துவிட்டுச் சோற்றை மட்டும் எடுத்துக்கொண்ட மாதிரி. பேரறிவாளனையும் சேர்த்து நாலு பேருக்குத் தூக்கு உறுதியானது.

கருணை மனுக்கள் பதினோரு வருஷம் கிடந்து 2011இல் நிராகரிக்கப்பட்டன. செப்டம்பர் 9 என்று நாள் குறித்தார்கள். அந்த ஆகஸ்டில் கையெழுத்துத் தாளுக்குத் தலைப்பு அடித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தன், காசு வாங்கவில்லை. அவர்களைத் தூக்கிலிடக் கூடாது என்று காஞ்சிபுரத்தில் செங்கொடி என்கிற பெண் தீக்குளித்துச் செத்துப்போனது அந்த வாரம்தான். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. அந்த வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013 நவம்பரில் வாயைத் திறந்தார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என பேரறிவாளன் சொன்னாராம். அந்த வரியை நான் எழுதாமல் விட்டுவிட்டேன் என்றார். பிறகு உச்ச நீதிமன்றத்தில் அஃபிடவிட்டும் போட்டார். 2011 செப்டம்பருக்கும் 2013 நவம்பருக்கும் இடையில் இரண்டு வருஷம் இரண்டு மாதம். குறித்த நாளில் தூக்கியிருந்தால் அந்த வரி வந்து சேர்ந்தபோது கேட்க ஆள் இருந்திருக்காது.

இதையும் சொல்லிவிட வேண்டும். 2014இல் தண்டனையைக் குறைத்தது தாமதத்துக்காக. 2022 மே 18 அன்று விடுதலை செய்தது, விடுவிக்கச் சொல்லித் தமிழக அமைச்சரவை தீர்மானம் போட்டும் ஆளுநர் காலம் கடத்தியதற்காக, அரசியலமைப்பின் 142ஆவது பிரிவு உச்ச நீதிமன்றத்துக்குத் தருகிற தனி அதிகாரத்தில். நிரபராதி என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. சொன்னதாக நம் ஆட்களே எழுதுகிறார்கள், அது தப்பு. ஸ்ரீபெரும்புதூரில் பாதுகாப்புக்குப் போய்ச் செத்த போலீஸ்காரர்களின் வீட்டில் இன்னும் கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் ஆள் மாறிப் போயிருந்தால் அந்த வீடுகளுக்கும் சேர்த்துத்தான் அநியாயம்.

குமாஸ்தா அண்ணன் சொன்ன "கோர்ட்டே சொல்லிருச்சு" என்பதற்கு வருகிறேன். மகாராஷ்டிரத்தில் ஒரு கொலை வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றமே ஆறு பேருக்குத் தூக்கு என்றது. 2019இல் அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுவித்து, ஆளுக்கு ஐந்து லட்சம் கொடுக்கச் சொன்னது. ஜப்பானில் ஹகமாடா என்று ஒருத்தர். 1966இல் கைது, 2024இல் விடுதலைத் தீர்ப்பு. அவருக்குத் தூக்கு எழுதிய மூன்று நீதிபதிகளில் ஒருத்தரே, அவர் நிரபராதி என்றுதான் அப்போதும் நினைத்தேன் என்று பின்னாளில் சொன்னார்.

அதனால்தான் பேரே தப்பு என்கிறேன். கருணை என்று எழுதியவுடன், தப்புச் செய்தவன் காலில் விழுவது மாதிரி ஆகிவிடுகிறது. இந்திரா காந்தி கொலையில் தூக்குத் தண்டனை பெற்ற கேஹர் சிங்கின் வழக்கில், 1988 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கருணை மனு வரும்போது குடியரசுத் தலைவர் சாட்சியத்தை மறுபடி எடுத்துப் பார்க்கலாம், நீதிமன்றத்தின் முடிவுக்கு மாறான முடிவுக்கும் வரலாம். இரக்கத்துக்கு மட்டும் வைத்த ஏற்பாடாக இருந்தால் சாட்சியத்தை எதற்குப் பார்க்க வேண்டும்? விட்டுப்போன வரியைக் கடைசியாக ஒரு தடவை கேட்கிற இடம் அது. இந்த உரிமையை வாங்கித் தந்த கேஹர் சிங்கையே அடுத்த மாதம், ஜனவரி 6 அன்று, தூக்கில் போட்டுவிட்டார்கள் என்பது தனிக் கொடுமை.

சிங்கப்பூர். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் அங்கே வேலைக்குப் போன தெருக்கள் இருக்கின்றன. 2023 ஏப்ரல் 26 அன்று அங்கே தங்கராஜு சுப்பையாவைத் தூக்கிலிட்டார்கள். 46 வயது. 1,017.9 கிராம் கஞ்சாவைக் கடத்த உடந்தை என்று வழக்கு. கஞ்சா அவர் கையில் பிடிபடவில்லை. இரண்டு போன் நம்பர்களும், மாட்டிய மற்றவர்களின் சாட்சியமும்தான் அவரை அதோடு முடிச்சுப் போட்டன. விசாரணையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டேன், தரவில்லை என்றார். நீதிமன்றம் நம்பவில்லை. அவர் நிரபராதி என்று சத்தியம் செய்ய நான் வரவில்லை. தமிழில் சொன்னதைத் தமிழில் எழுதும்போதே அந்தப் பாட்டிக்கு என்ன நடந்தது என்று பார்த்தவன், அவ்வளவுதான். அங்கே 1998இல் ஒரு தமிழருக்குத் தூக்கை ஆயுளாகக் குறைத்தார்கள். அடுத்த கருணை 2025 ஆகஸ்டில்தான். நடுவில் இருபத்தேழு வருஷம், ஒன்றுகூட இல்லை.

குமாஸ்தா அண்ணே, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நேற்றுப் பேச்சு மும்முரத்தில் உங்கள் வக்காலத்துப் படிவங்களைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். எடுத்து வைத்திருக்கிறேன். அதோடு தம்பியின் மனு ஒரு நகலும் இருக்கிறது. கையெழுத்துப் போடாவிட்டால் பரவாயில்லை, பிழை மட்டும் பார்த்துக் கொடுங்கள். உங்கள் கண்ணுக்குத் தப்பாது. மூன்றாவது பக்கத்தில் ஒரு வரி விட்டுப் போயிருக்கிற மாதிரி எனக்குப் படுகிறது.