பள்ளிக்கூடத்துக்குத்தானே, ஒரு மாடிதானே?

மதுரையில் மாசி வீதிகளுக்குள் இருக்கிற ஒரு பள்ளிக்கூடம் இன்னும் ஒரு மாடி எடுக்க வேண்டும் என்கிறது. உயர விதியில் விலக்குக் கேட்டு மனுப் போடப் போகிறார்களாம். அதை எதிர்த்துத் தெருக்காரர்கள் இன்னொரு மனுவைச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். எங்கள் ஏரியா வாட்ஸ்அப் குழுவில் குட் மார்னிங் படங்கள் நின்றுபோய் ஒரே சண்டை. எந்தப் பள்ளி என்று நான் எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களும் கமென்ட்டில் பெயர் போட வேண்டாம்.

நான் எதிர்க்கிறவர்கள் பக்கம்தான். ஆனால் அவர்கள் சொல்கிற காரணத்துக்காக இல்லை.

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விவரம். மீனாட்சி அம்மன் கோவிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக் கூடாது. 1997இல் வந்த அரசாணை. மதுரையில் டீக்கடை வைத்திருப்பவருக்கும் இந்த 9 மீட்டர் தெரியும். அதை மீறி நிற்கும் கட்டடங்களையும் அவரே கை காட்டுவார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இது பற்றி வழக்குமேல் வழக்கு வந்தாகிவிட்டது. அதிகாரிகள் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. கட்டடங்கள் பாட்டுக்கு நிற்கின்றன.

இந்த ஒரு விதியை நான் விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம், இதை விட்டால் வேறு ஒன்றும் இல்லை என்பதுதான். மத்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னம் என்றால் முதல் 100 மீட்டருக்குக் கட்டவே கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். நம் கோவில் அறநிலையத் துறையிடம் இருக்கிறது, ஆகவே அந்தப் பாதுகாப்பு கிடையாது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் நாம் இல்லை. மாநிலத்தின் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியது, நடைமுறைக்கு வர ஒரு மாமாங்கம் ஆயிற்று. அது வந்து என்ன செய்யும் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

ஊரின் அமைப்பு அப்படி. சதுரத்துக்குள் சதுரம். மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. 1559இல் சிராமலை செவ்வந்தி மூர்த்திச் செட்டியார் கட்டிய தெற்குக் கோபுரம்தான் இருப்பதிலேயே உயரம், 170 அடி. ஊர் முப்பது அடிக்குள் இருக்கிறவரை அந்தக் கோபுரம் எங்கிருந்தும் தெரியும். டவுன்ஹால் ரோட்டில் ரயிலடிப் பக்கமிருந்து நடந்து வந்தால் மேலக் கோபுரம் நேர் எதிரே நிற்கும். இப்போது துணிக்கடை, லாட்ஜ் போர்டுகளுக்கு இடையில் தேடிப் பார்க்க வேண்டும், அது வேறு கதை.

சரி, பள்ளிக்கு வருவோம். அவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் குழுவில் யாரும் சொல்லவில்லை. கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் மூட்டை தூக்குகிறவர்கள், தெற்கு ஆவணி மூல வீதி நகைப் பட்டறைகளில் உட்கார்ந்து பொடி வைத்து ஊதுகிறவர்கள், சித்திரை வீதியில் பூக்கூடையோடு நிற்கிற அக்காமார்கள், இவர்களுடைய பிள்ளைகள் நடந்தே வந்து படிக்கிற பள்ளிக்கூடம் அது. வேன் கட்டணம் கிடையாது. மத்தியானம் அம்மாவே சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகலாம். இந்தப் பள்ளி ஊருக்கு வெளியே போனால் முதலில் நிற்பது பெண்பிள்ளைகளின் படிப்பு. இடமோ, இரண்டு வீட்டு மனை அகலம். விளையாட்டு மைதானம் என்று ஒன்று இருப்பதாக நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். அதில் தலைமை ஆசிரியர் வண்டியும் நிற்கிறது.

கணக்கும் அவர்களுக்கு இடிக்கிறது. 9 மீட்டர் என்றால் முப்பது அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஐம்பது பிள்ளை உட்காரும் வகுப்புக்கு, பீம், தளக் கனம் எல்லாம் சேர்த்துத் தளத்துக்குத் தளம் பதினொரு அடியாவது வேண்டும். மூன்று தளம் போட்டால் முப்பத்து மூன்று. விதிக்குள் நிற்க வேண்டும் என்றால் இரண்டு தளத்தோடு நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு தளத்தையும் ஒன்பதரை அடிக்குக் குறுக்க வேண்டும். ஏப்ரல் மாதம் மதுரையில் மேல்தளத்து வகுப்பில் உட்கார்ந்து பரீட்சை எழுதியவர்களுக்கு அந்த ஒன்பதரை அடி எப்படி இருக்கும் என்று தெரியும். ஃபேன் சுற்றச் சுற்றத் தளத்தில் இருக்கிற சூடுதான் கீழே இறங்கும். ஆகவே அவர்கள் விலக்குக் கேட்பதில் பேராசை என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் ஏன் எதிர்க்கிறேன்? இரண்டு காரணம். முதலாவது படிக்கட்டு.

அந்தப் பள்ளிக்குள் போயிருக்கிறேன். மேலே போக ஒரு படிக்கட்டு. கடப்பாக்கல், நடுவில் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். புத்தகப் பையோடு இரண்டு பேர் சேர்ந்து இறங்கினால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. மத்தியான மணி அடித்ததும் பாருங்கள். ஒரு பையன் கையிலிருந்து டிபன் பாக்ஸ் நழுவி விழுந்தால் அவன் குனிந்து எடுக்கிறவரை பின்னால் மேல்தளம் வரைக்கும் வரிசை நிற்கும். கீழே ஒரு கம்பிக் கதவு, பிள்ளைகள் ரோட்டுக்கு ஓடிவிடக் கூடாது என்று சங்கிலி போட்டிருப்பார்கள். சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருப்பார். இதன்மேல் இன்னொரு தளப் பிள்ளைகளை ஏற்றி வைக்கப் போகிறோம்.

கும்பகோணத்தை மறந்துவிட்டோமா? 2004 ஜூலை 16. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், கீற்றுக் கூரை, இறங்கக் குறுகலான ஒரு படிக்கட்டு. சமையல் செய்த இடத்தில் பிடித்த தீ கூரைக்கு ஏறியது. 94 பிள்ளைகள். அதற்குப் பிறகு கீற்றுக் கொட்டகைகளை எடுத்தோம், நல்லது. படிக்கட்டை எத்தனை பள்ளிகள் அகலமாக்கின?

நம் ஊர்க் கதையையும் சொல்கிறேன். 2018 பிப்ரவரி 2 ராத்திரி கோவிலுக்குள்ளேயே வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் எரிந்து மண்டபம் சேதமானது. 2020 தீபாவளி சமயத்தில் விளக்குத்தூண் பக்கம் நவபத்கானா தெருவில் ஒரு ஜவுளிக்கடை எரிந்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் மேல் பழைய கட்டடம் இடிந்து விழுந்து இறந்துபோனார்கள். அந்தத் தெருவில் பகலில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், தள்ளுவண்டி ஒன்று குறுக்கே நின்றால் பைக்கே நின்றுவிடும். கோட்டை மதிலை 1837 வாக்கில் இடித்து ஊருக்குக் காற்று விட்டவர் கலெக்டர் பிளாக்பர்ன் என்பார்கள். அவர் நினைவாக வைத்ததுதான் அந்த விளக்குத்தூண். மதில் இருந்த இடத்தில் வந்த மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் கொஞ்சம் அகலம். உள்ளே இருக்கிற சந்துகள் அன்றைக்கு எப்படியோ இன்றைக்கும் அப்படியேதான். அந்தச் சந்துக்குள் ஏணி வைத்த தீயணைப்பு வண்டி வந்து மேல்தளத்திலிருந்து பிள்ளைகளை இறக்கும் என்று யாராவது நம்பினால் நம்பட்டும், எனக்கு நம்பிக்கை இல்லை.

எங்கள் மனுவில் இதில் ஒரு வரிகூட இல்லை. முழுக்கக் கோபுர தரிசனம் மறைகிறது என்றுதான் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், அந்தப் பள்ளிக்கு நாலு வீடு முன்னாலேயே கோபுரம் மறைந்தாயிற்று.

இரண்டாவது காரணம், இது யாருக்கும் கோபம் வராத காரணம். பள்ளிக்காகக் கொடுக்கிற விலக்கு பள்ளியோடு போகாது, கட்டடத்தோடு தங்கிவிடும். பத்து வருஷம் கழித்துச் சேர்க்கை குறைந்து, நிர்வாகத்துக்குள் சண்டை வந்து, பள்ளி மூடப்படுகிறது என்று வையுங்கள். ஒன்பது மீட்டரைத் தாண்டிய கட்டடம், சட்டப்படியான அனுமதியோடு, கோவிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் காலியாக நிற்கும். அதை யார் வாங்குவார்கள்? லாட்ஜ்காரர்தான். வகுப்பறைக்கு அட்டாச்டு பாத்ரூம் வைத்தால் போதும். பக்கத்து மனைக்காரர் அதைக் காட்டித் தனக்கும் கேட்பார், கோர்ட்டுக்குப் போனால் முன்னுதாரணம் கையில் இருக்கும். பிள்ளைகள் பெயரைச் சொல்லித் திறக்கிற கதவு வழியாக யார் யாரோ வந்துவிடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. "ஒரு மாடிதானே" என்கிறார்கள். அந்தப் பழைய கட்டடம் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் தேக்கு உத்தரமும் மேலே செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் தளமுமாக நிற்கிறது. சுவரே இரண்டடி கனம். உள்ளே போனால் மே மாதத்திலும் முதுகு வியர்க்காது. அதன் தலையில் கான்கிரீட் தளம் ஏற்ற எந்த இன்ஜினியரும் கையெழுத்துப் போட மாட்டார். மாடி எடுப்பது என்றால் மொத்தத்தையும் இடித்துத் தூண் எழுப்புவது என்றுதான் அர்த்தம். பள்ளித் தரப்பில் அந்தப் பேச்சே இல்லை. 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கண்டுபிடித்து இடிக்க அரசு உத்தரவு போட்டது. போட வேண்டிய உத்தரவுதான். ஆனால் பழசு என்றாலே பழுது என்று ஒரு எண்ணம் எல்லோர் மண்டையிலும் ஏறிவிட்டது. பாரதி 1904இல் சில மாதம் தமிழ் வாத்தியாராக இருந்த சேதுபதி பள்ளியைப் பெருமையாகக் காட்டுகிற ஊர் இது. பெரிய மனிதர் யாரும் வேலை பார்க்காத பள்ளிகளின் சுவரையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

இப்போது எதிர்ப்பாளர்களான எங்கள் லட்சணம். கையெழுத்து வாங்க வந்த பெரியவர் எனக்கு நல்ல பழக்கம். அவருக்கு அதே தெருவில் ஒரு லாட்ஜ் இருக்கிறது.

"என்ன தம்பி, கோவிலுக்காக ஒரு கையெழுத்து, இவ்வளவு யோசிக்கிறீங்க?"

"போடுறேண்ணே. உங்க லாட்ஜ் எத்தனை மீட்டர்ண்ணே இருக்கும்?"

"அது ரூல் வர்றதுக்கு முன்னாடியே கட்டுனது தம்பி."

"மேல புதுசா போட்டிருக்கீங்களே?"

"அது தகரம். தகரம் மாடிக் கணக்குல வராது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. அந்தத் தகரத்துக்கு அடியில் டார்மிட்டரி ஓடுகிறது, மார்கழி மாதம் ஐயப்ப பக்தர்கள் வந்தால் படுக்க இடம் இருக்காது. எங்கள் மனுவில் முதலில் கையெழுத்துப் போட்டிருக்கிறவர்களில் இப்படி இன்னும் சிலர் உண்டு. பள்ளி நிர்வாகம் இதைக் கேட்காமல் விடுமா? "லாட்ஜுக்கு மறையாத கோபுரம் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் மறைகிறதா" என்று பெற்றோர் ஒருவர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஆகவே நான் இரண்டு விஷயம் சேர்க்கச் சொன்னேன். ஒன்று, விலக்கு வேண்டாம் என்று கேட்கிற அதே மனுவில் பள்ளிக்கு இடம் கேட்க வேண்டும். சேர்க்கை குறைந்து அறைகள் பூட்டிக் கிடக்கிற மாநகராட்சிப் பள்ளிகள் நடக்கிற தூரத்திலேயே இருக்கின்றன. உதவி பெறும் பள்ளிக்கு மாநகராட்சி அறையைக் கொடுப்பது இரண்டு துறை சம்பந்தப்பட்ட தலைவலி, ஃபைல் நகராது என்றார்கள். வடக்கு ஆவணி மூல வீதியில் பழைய மார்க்கெட் இருந்த இடத்தில் தரையைத் தோண்டி வண்டி நிறுத்த இடம் செய்தபோது எத்தனை துறைகளின் ஃபைல் நகர்ந்தது! காருக்கு நகர்ந்தது பிள்ளைகளுக்கும் நகரட்டும். இருக்கிற கட்டடத்தில் பின்பக்கம் இன்னொரு படிக்கட்டு வைக்கவும் இடம் இருக்கிறது, கழிப்பறையைக் கொஞ்சம் தள்ள வேண்டும். அதற்கு உயர விலக்கு வேண்டியதில்லை, பணம்தான் வேண்டும். தெருவில் இருக்கிற நகைக்கடைகள் மனது வைத்தால் ஒரு அட்சய திருதியை வசூலில் முடிகிற வேலை.

இரண்டாவது, மனுவில் கையெழுத்துப் போடுகிற ஒவ்வொருவரும் தன் கட்டடத்தின் உயரத்தைப் பெயருக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். தகரமும் சேர்த்து.

முதலாவதை யோசிக்கிறோம் என்றார்கள். இரண்டாவதைச் சொன்னதும் மனுவையே அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்திருக்கிறார்கள், பள்ளித் தரப்பையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். ஏரியாக்காரர்கள் வாருங்கள். என் பங்குக்கு நூறடி டேப் ஒன்று கொண்டு வருகிறேன். எங்கள் வீட்டிலிருந்தே அளக்க ஆரம்பிக்கலாம், மொட்டை மாடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி அறைதான் எனக்கே கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது.