சேவை விடுப்புக்கு முன்கூட்டியே தேதி குறிக்க முடியாது
தன்னார்வப் பணிக்கு வருடம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு, அதையும் நிறுவனமே தேதி குறித்துக் கொடுத்தால் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எங்கள் குமரி மாவட்டத்துக்கு அது போதவே போதாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன, கரண்ட் வரப் பல நாள் ஆனது. கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் வீட்டுக்கு வீடு அழுகை. காணாமல் போனவர்களின் பட்டியல் எடுக்க, மனு எழுத ஆட்கள் வேண்டியிருந்தது. அந்த உதவிக்கு நானும் போனேன். நாகர்கோவிலில் அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் நான்கு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டுதான் லீவு தந்தார்கள். சரி, என்னால் தாங்க முடிந்தது. கூட வந்த முந்திரி ஆலை அக்கா மறுநாளே வேலைக்குத் திரும்பிவிட்டார். கூலி போனால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. தேவை வருகிற நாளில் எடுக்கிற மாதிரி விடுப்பு வேண்டும், தினக்கூலிக்காரர்களுக்கும் சேர்த்து.