கின்போர்ஷ், முதல் நாலு எபிசோடு: கூலி பேசிய காவல்காரன்

(நாலாவது எபிசோடு வரைக்கும் ஸ்பாய்லர் உண்டு.)

பாடிகார்ட் காதல் கதை என்றாலே குண்டு பாயும்போது குறுக்கே விழுகிற விசுவாசிதான் நாயகன். இந்தத் தாய்லாந்துத் தொடரின் போர்ஷ் அப்படிப்பட்டவன் இல்லை. பாரில் சரக்கு ஊற்றிக்கொடுக்கிற பையன். அடியாட்கள் துரத்த ஓடிவரும் மாஃபியா வீட்டு இரண்டாவது மகன் கின் உதவி கேட்டதும், முதலில் கூலி பேசுகிறான். கின்னின் கைக்கடிகாரம் கைமாறுகிறது. அப்புறம்தான் அடிதடி. தொடரில் எனக்கு மிகவும் பிடித்த ஐந்து நிமிடம் அதுதான்.

வேலையில் சேருவதும் காதலால் அல்ல. குடும்பத்தில் ஒருவர் வைத்த சூதாட்டக் கடன், கைவிட்டுப் போகப்போகிற வீடு, படிக்கிற தம்பி. கடன்தான் அவனைக் கின் வீட்டுக்குள் தள்ளுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் முதல் மூன்று எபிசோடும் வேறு மாதிரி தெரியும்.

காவல் தொழில் என்று பார்த்தால், பாதிக்குப் பாதி சினிமாதான். நிஜத்தில் காவலுக்கு நிற்பவர் கூட்டத்தின் முகங்களைவிடக் கைகளைத்தான் பார்ப்பார். ஒரு கை எட்டுகிற தூரத்தில், சற்றுப் பின்னால் நிற்பார். தாக்குதல் வந்தால் சண்டைக்குப் போகாமல், ஆளை மறைத்து வண்டியில் ஏற்றிக் கிளப்பிவிடுவார். இங்கே எல்லோரும் நின்று மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் சண்டை நன்றாக இருக்கிறது. மூன்று இயக்குநர்களில் ஒருவரான கொங்கியட் கொமெசிரி ஆக்‌ஷன் படங்களிலிருந்து வந்தவர். ஒரு காட்சி திரில்லர், அடுத்தது கோமாளிக்கூத்து என்று தொடர் தாவுவதற்கும் மூன்று கை சமையல்தான் காரணமோ என்று தோன்றுகிறது. மூத்த மகன் தங்குன் வருகிற காட்சிகளில் இது உச்சம். சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்குத் தலைவலி.

சப்டைட்டிலை மட்டும் நம்பினால் பாதிக் கதை போய்விடும். தாய்லாந்து மொழியில் ‘நான்’, ‘நீ’ இரண்டுக்கும் பல சொற்கள். கூ, முங் என்கிற ஜோடி பழைய காலத்தில் சாதாரணப் பேச்சு. தாய்லாந்தின் பழைய ராம்கம்ஹேங் கல்வெட்டில்கூட ‘கூ’ இருக்கிறது. இன்றைக்கு அது நெருங்கிய நண்பர்களுக்குள் ‘வாடா போடா’, மற்றவர்களிடம் சொன்னால் அவமரியாதை. மற்ற காவலாட்கள் ‘குன் கின்’ என்று பவ்யமாகக் கூப்பிடும் முதலாளியிடம் போர்ஷ் கூ, முங் போடுகிறான். பிக் என்கிற சீனியருக்கு ஏன் அவ்வளவு எரிகிறது என்பது அப்போதுதான் புரியும். ஆங்கில சப்டைட்டிலில் எல்லாமே ஒரே ‘யூ’. தங்குனை ஆட்கள் ‘குன் நூ’ என்பதையும் கவனியுங்கள்: பெரிய வீட்டுக் குழந்தையை வேலைக்காரர்கள் கூப்பிடுகிற முறை, நம் ‘சின்னய்யா’ மாதிரி. வீட்டுக்கே மூத்தவனுக்கு அந்தப் பெயர்! டப்பிங் கிடைத்தாலும் வேண்டாம், தாய்லாந்து மொழி ஆடியோவிலேயே பாருங்கள்.

ஒரு நல்ல விஷயம்: கின்னுக்கு ஆண்களைப் பிடிக்கும் என்பதை அந்த வீட்டில் யாரும் பிரச்சினையாக்கவில்லை. அழுகை, ரகசியம், குடும்ப மானம் எதுவும் கிடையாது. மோதலெல்லாம் அதிகாரத்தையும் பணத்தையும் சுற்றித்தான்.

பார்க்கிறவர்களுக்குச் சில தகவல்கள். 2022 ஏப்ரல் 2-இல் தொடங்கி ஜூலை 9-இல் முடிந்தது, மொத்தம் 14 எபிசோடு. ஒன்31 சேனலில் வந்தது வெட்டிய பதிப்பு. ஐச்சியி (iQIYI) என்கிற ஸ்ட்ரீமிங் தளத்தில் வந்த ‘லா ஃபோர்தே’தான் வெட்டாதது. பெரியவர்களுக்கானது, ஹாலில் போட்டுவிட்டுப் பிறகு ரிமோட்டைத் தேடாதீர்கள்.

இனி நாலாவது எபிசோடு. போர்ஷுக்கு யாரோ போதை மருந்து கொடுத்துவிடுகிறார்கள். தன்னிலை இழந்த அவனோடு கின் படுக்கையில் சேர்கிறான். கேமராவும் இசையும் அதைக் காதலாகக் காட்டப் பாடுபடுகின்றன. மருந்தில் இருப்பவன் சொல்லும் சம்மதம் சம்மதமே அல்ல. அதிலும் எதிரே இருப்பவன் அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறவன். முதல் எபிசோடில் உயிருக்கே விலை பேசத் தெரிந்தவனுக்கு இந்த இடத்தில் பேசவே வாய்ப்புத் தரவில்லை. கின்னாக வரும் மைல், போர்ஷாக வரும் ஆப்போ இருவரின் நடிப்பும் நன்றாக இருப்பதால் எரிச்சல் கூடத்தான் செய்கிறது. ஐந்தாவது எபிசோடை, கின் இதற்கு எப்படிப் பதில் சொல்கிறான் என்று பார்க்கத்தான் போடப்போகிறேன்.